பழைய பட்டறைக்கல் வாங்குவோர் கவனத்திற்கு: ₹46,500 கொடுத்து வார்ப்பிரும்பு வாங்கிய கதை

இங்கிலாந்தில் செய்த அசல் பீட்டர் ரைட் பட்டறைக்கல் (கொல்லர்கள் பழுத்த இரும்பை வைத்து அடிக்கும் இரும்பு மேடை) என்று சொல்லி, வடசென்னையில் உள்ள ஒரு பழம்பொருள் கடை என்னிடம் ₹46,500 வாங்கிக்கொண்டு, காயலான் கடையில் போட்டால் இரண்டாயிரம் ரூபாய்கூடத் தேறாத ஒரு வார்ப்பிரும்புக் கட்டியைத் தலையில் கட்டியிருக்கிறது. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரையும், அதன் விளம்பரம் வந்திருந்த வாங்க விற்க உதவும் செயலியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் அதே கடையின் அடுத்த விளம்பரம் நேற்று மாலை மறுபடியும் என் கண்ணில் பட்டது. அதே கறுப்பு வண்ணம், அதே "அசல் இங்கிலாந்து" என்ற வாசகம். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

அம்பத்தூரில் சிறிய பட்டறை வைத்திருக்கும் என் தம்பி, அரிவாளும் தோட்டக் கருவிகளும் அடிக்க நல்ல கல் ஒன்று வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பீட்டர் ரைட் என்பது டட்லி நகரில் கல் செய்த பழைய ஆங்கிலேய நிறுவனம். தேனிரும்பால் அடித்த உடலின் மேல் எஃகுத் தகட்டைப் பற்றவைத்துச் செய்த அந்தக் கற்கள், ஒரு தலைமுறை அடித்தாலும் முகம் (அடிபடும் மேற்பரப்பு) குழியாதவை என்று தொழில் தெரிந்தவர்கள் மதிப்பார்கள். ஆகவே விலை அதிகம் என்பதில் எனக்கு மறுப்பு இருக்கவில்லை.

கடையில் அந்தக் கல் ஒரு மரக்கட்டையின் மேல், ஒரு பக்கம் சுவரை ஒட்டியபடி இருந்தது. புதிதாகக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். கடைக்காரர் ஒரு வெள்ளைத் தாளை அதன் பக்கவாட்டில் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தார். தாளில் பீட்டர் ரைட் பேட்டன்ட் என்ற ஆங்கில எழுத்துகளும், அதன் கீழே 1·2·10 என்ற எண்களும் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. மங்கிப்போன முத்திரையைப் படிக்க இதுவே சரியான முறை என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால், இவர் விஷயம் தெரிந்தவர் என்ற நம்பிக்கை அந்த இடத்திலேயே வந்துவிட்டது. சரியான சோதனையைத் தானே முன்வந்து செய்துகாட்டி ஏமாற்றுகிறவரை யார்தான் சந்தேகிப்பார்கள்? "தேதி போட்டிருக்கான் பாருங்க சார், 1910-ஆம் வருஷம் பிப்ரவரி ஒண்ணாந்தேதி. வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே ஒர்க் ஷாப்புல இருந்து வந்த மால்" என்றார். பேரம் பேசியபோது ஐந்நூறு ரூபாய் குறைத்தார். செயலி வழியாக முன்பணம், மீதி ரொக்கம், ஆக மொத்தம் ₹46,500. முத்திரை குத்திய ஒரு சான்றிதழும் கொடுத்து, குட்டியானையில் ஏற்றி அனுப்பினார்கள்.

பட்டறையில் தம்பி முதன்முதலாகப் பழுத்த இரும்பை வைத்து அடித்தபோதே கல்லின் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், சர்க்கரையைப் போலப் பொடிப்பொடியாக இருந்தது. தேனிரும்பு இப்படி உடையாது. மர நார் கிழிவதைப் போலத்தான் பிரியும். உடனே தின்னர் ஊற்றி வண்ணத்தைக் கழுவினோம். கல் முழுவதும் பழுப்புத் துரு படிந்திருக்க, எழுத்துகளின் உட்குழி மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. ஓரங்களில் பிசிறுகூட அப்படியே இருந்தது. அதாவது, பழைய வார்ப்புக் கல் ஒன்றை எடுத்து, அண்மையில்தான் எழுத்துப் பஞ்ச் வைத்து அந்தப் பெயரை அடித்திருக்கிறார்கள். கடையில் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த பகுதியில், வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு, கல்லின் கூம்பு முனையான கொம்பின் நுனியிலிருந்து பின்பகுதி வரை கிரைண்டர் படாமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த எண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவுக்கே பயனில்லை. பீட்டர் ரைட் போன்ற பழைய ஆங்கிலேயக் கற்களில் புள்ளிகளுக்கு இடையே வரும் மூன்று எண்கள் தேதி அல்ல, எடை. முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 ராத்தல் (பவுண்டு). இரண்டாவது எண் அதன் கால்பங்கு, அதாவது 28 ராத்தல். மூன்றாவது உதிரி ராத்தல். எனவே நடுவில் 3-க்கு மேலும், கடைசியில் 27-க்கு மேலும் எண் வர வழியில்லை. 1·2·10 என்றால் 112, 56, 10 ஆகியவற்றைக் கூட்டி 178 ராத்தல்; ஏறத்தாழ 80.7 கிலோ. பக்கத்துக் காயலான் கடைத் தராசில் எங்கள் கல்லை ஏற்றினால் 54 கிலோ காட்டியது. நூறாண்டுத் தேய்மானம் ஒரு கல்லில் 26 கிலோவைத் தின்றுவிடாது. சான்றிதழை அப்போதுதான் மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் பீட்டர் ரைட், ஷெஃபீல்டு என்று அச்சிட்டிருந்தார்கள். ஷெஃபீல்டு நகரம் மவுஸ்ஹோல் என்ற வேறொரு தயாரிப்பின் கற்களுக்குப் பெயர் பெற்றது. பீட்டர் ரைட் டட்லியைச் சேர்ந்தது. போலி முத்திரை அடித்தவருக்கு ஊர்ப் பெயரைச் சரிபார்க்கக்கூடப் பொறுமை இருக்கவில்லை.

கடைக்குத் தொலைபேசியில் அழைத்தபோது முதலில் ஓனர் வெளியூர் போயிருக்கிறார் என்றார்கள். நேரில் போனபோது, என் எதிரிலேயே கல்லாவில் உட்கார்ந்திருந்த அதே மனிதர், தாம் வெறும் வேலையாள் என்றார். பிறகு, பழம்பொருளுக்கு வாரன்டி கிடையாது என்றார். அதன் பிறகு, தம்பி தப்பாக அடித்ததால் உடைந்திருக்கும் என்றார். பட்டறைக்கல்லில் சம்மட்டியால் அடித்தது தப்பாம்! அடித்தால் அசல் கல்லைப் போல மணியாக ஒலிக்கவில்லையே என்று கேட்டதற்கு, "சத்தம் வராத கல்லும் நல்ல கல்லுதான் சார், அமெரிக்காவுல எல்லாம் அப்படித்தான்" என்று ஒரு பாதி உண்மையை எடுத்துவிட்டார். நியூ ஜெர்சியின் ட்ரென்டன் நகரில் ஃபிஷர் நிறுவனம் செய்த கற்கள் வார்ப்பிரும்பு உடலும் எஃகு முகமும் கொண்டவை. அவை ஒலிக்காது, ஆனால் நன்றாக உழைக்கும். அவற்றின் பக்கவாட்டில் கழுகுச் சின்னம் இருக்கும். இவர் எனக்கு விற்றது கழுகும் இல்லாத, எஃகு முகமும் இல்லாத, இங்கிலாந்துப் பெயர் வெட்டிய கல். இதைச் சொன்னதும் என் எண்ணை முடக்கிவிட்டார்கள். செயலியிலிருந்து, ₹46,500-இல் பெரும்பகுதி ரொக்கமாகக் கைமாறியிருப்பதால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரு தானியங்கிப் பதில் வந்து, புகார் "முடிக்கப்பட்டது" என்று காட்டுகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும் என்பதால் அதற்கான தாள்களையும் தயார் செய்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில வார்த்தைகள். வண்ணம் பூசிய கல்லை, வண்ணத்தை நீக்கிக் காட்டச் சொல்லாமல் வாங்காதீர்கள். நீக்கும்போது கிரைண்டரை அருகில் விடாதீர்கள், உண்மையான முத்திரை இருந்தால் அதுவும் அழிந்துபோகும். கல்லைச் சுவரிலிருந்து நகர்த்தி, புரட்டிப் பாருங்கள்: அடித்துச் செய்த பழைய கல்லில், சூட்டோடு தூக்கிப் பிடிக்கக் கம்பி செருகிய சதுரக் குழிகள் இடுப்பிலோ அடியிலோ இருக்கும், பீட்டர் ரைட் கற்கள் பெரும்பாலானவற்றில் பாதங்களின் மேல் சிறிய தட்டைப் படியும் இருக்கும். ஒரு பேரிங் குண்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், முகத்தின் மேல் பத்து அங்குல உயரத்திலிருந்து விடுங்கள். நல்ல எஃகு முகமென்றால் ஏழெட்டு அங்குலமாவது எழும்பும், எங்களுடையதில் மூன்று அங்குலம்கூட வரவில்லை. எண்ணைக் கணக்குப் போட்டு, அங்கேயே தராசில் ஏற்றுங்கள். பில்லில் தயாரிப்பாளர் பெயரையும் எடையையும் எழுதி வாங்குங்கள். ₹46,500-க்கு எனக்குக் கொடுத்த பில்லில் "பழைய இரும்புச் சாமான் – 1" என்று மட்டுமே இருக்கிறது, பெயர் போட்ட சான்றிதழில் கடையின் முகவரியே இல்லை. இதே போன்ற சான்றிதழ் வேறு யாரிடமாவது இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், சேர்ந்து மனு கொடுக்கலாம்.