நெஞ்செரிச்சலுக்குச் சீன மருந்து: ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிட்டதில் தெரிந்தது

நெஞ்செரிச்சலுக்குச் சீன வைத்தியம் கேட்குமா என்று போன வாரம் ஒரு நண்பர் விசாரித்தார். எனக்குக் கேட்டது. ஆனால் அதோடு பதிலை முடித்துக்கொள்ள மனசு வரவில்லை.

சிங்கப்பூரில் இருக்கிறேன். பாலிகிளினிக்கில் (அரசு மருத்துவ நிலையம்) கொடுத்த ஒமிப்ரசோல் என்ற அமிலம் குறைக்கும் மாத்திரை பகல் எரிச்சலை நன்றாகவே அடக்கியது. ராத்திரி படுத்ததும் புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்து வருவது மட்டும் நிற்கவில்லை. குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் சீன வைத்தியரிடம் போனேன். இங்கே 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். இவரும் பதிவு பெற்றவர்தான். நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பிடித்தார், மலம் எப்படிப் போகிறது என்று விலாவாரியாகக் கேட்டார். வயிற்றில் சூடும் குளிர்ச்சியும் கலந்து கிடக்கிறது, கீழே இறங்க வேண்டியது மேலே ஏறுகிறது என்றார். இந்த விளக்கத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் என் வயிற்றைப் பற்றி யாரும் அவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதில்லை.

தூள் மருந்து கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பின் வெந்நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். நிலவேம்பே தேவலை என்கிற கசப்பு. சில வாரங்களில் வயிற்று உப்புசம் போனது, அப்புறம் புளிச்ச ஏப்பம் குறைந்தது, பிறகு ராத்திரி எதுக்களிப்பும் எப்போதாவது என்று ஆனது. இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்ததும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்தியதும் அதே சமயத்தில்தான். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒமிப்ரசோலை டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தேன். சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பி வரும்.

மணிக்கட்டின் உள்பக்கமும் முழங்காலுக்குக் கீழேயும் அக்குபங்சர் ஊசியும் குத்தினார்கள். 2007இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், ஒமிப்ரசோல் வகைத் தினசரி மாத்திரை போதாத 30 பேரில் பாதிப்பேருக்கு மாத்திரையின் அளவை இரட்டிப்பாக்கினார்கள், மீதிப்பேருக்கு அதே மாத்திரையோடு அக்குபங்சர் சேர்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கே அதிகப் பலன். ஆனால் அது சின்ன ஆய்வு, அதை மட்டும் வைத்து நம்ப முடியாது. எனக்கு ஊசி முடிந்த அன்று நல்ல தூக்கம் வரும், அவ்வளவுதான்.

இனி கோபத்துக்கு வருகிறேன். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று பல மாதங்கள் எனக்குத் தெரியாது. மேலே சீனத்தில் நாலு எழுத்து, காலை மாலை என்று ஒரு முத்திரை. கேட்டபோதெல்லாம் கவுண்டரில் "பழைய மருந்து, பயப்படாதீங்க" என்பதே பதில். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். வீட்டுக் கருவியில் அளவு மெல்ல ஏறியது. பாலிகிளினிக் டாக்டர் "அந்தத் தூளில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிடிவாதமாக எழுதி வாங்கி, உடன் வேலை செய்யும் சீனப் பெண்ணிடம் படிக்கச் சொன்னேன். மருந்தின் பெயர் பான் சியா சியே சின் டாங். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன், ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில் சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிவைத்த கூட்டு. ஏழு சரக்கு, அவற்றில் ஒன்று அதிமதுரம். நாள்பட்டுச் சாப்பிட்டால் அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். இன்னொன்று ஹுவாங் லியன், அந்தக் கசப்பு வேர். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றும் என்பதால் சிங்கப்பூர் 1978இல் தடைசெய்து, பல பத்தாண்டுகள் கழித்தே தடையை நீக்கியது இதைத்தான். இப்படிப்பட்ட சரக்கைப் பெயர் சொல்லாமல் எப்படிக் கையில் கொடுக்கிறார்கள்? வீட்டில் இன்னொருவர் எடுத்துக் குடித்துவிட்டால்?

நியாயமாகச் சொல்ல வேண்டும்: விஷயத்தைச் சொன்னதும் வைத்தியர் ஒரு வார்த்தை மறுக்காமல் அதிமதுரத்தை நீக்கிவிட்டார். ரத்த அழுத்தம் இறங்கியது, வயிறும் கெடவில்லை. அவர் கைராசிக்காரர், சந்தேகமே இல்லை.

ஆனாலும் அந்தக் கிளினிக்கின் முகவரியை நண்பருக்குக் கொடுக்கவில்லை. அவரும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். விழுங்கும்போது அடைக்கிறது என்று வேறு சொன்னார், அதற்கு முதலில் எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பிறகும் சீன மருந்துதான் வேண்டும் என்றால், சரக்குப் பட்டியலை ஆங்கிலத்தில் அச்சடித்துத் தரும் இடமாகப் பார்த்துப் போகட்டும்.