சின்னான் கூட்டுக்கும் லாப்ரடாருக்கும் நடுவே ஒரு மடக்கு வேலி

நாய்க்குட்டிகளை ஓரிடத்தில் அடைத்து வைப்பதற்கென்று இணையக் கடைகளில் விற்கப்படும் எட்டுத் தட்டிகள் கொண்ட மடக்குக் கம்பி வேலியை, அதன் நோக்கத்திற்கு நேர்மாறாக, நாயை வெளியே நிறுத்துவதற்காக வாங்கினோம். மதிற்சுவரை ஒட்டிய செம்பருத்தியில் மார்பளவு உயரத்தில் சின்னான் இணையொன்று கூடு கட்டியிருந்தது. எங்கள் வீட்டு லாப்ரடாரோ கோடை முழுவதும் அந்தச் செடியின் நிழலைத் தனக்கே உரிய இடமாகக் கருதி வந்தது.

செம்புழைக் கொண்டைக்குருவி என்று பறவை நூல்கள் குறிப்பிடும் சின்னான், உருவத்தில் சிறியதாயினும் கூட்டருகே யாருக்கும் அஞ்சுவதில்லை. நாய் செடியை நெருங்கியதும் ஆணும் பெண்ணும் கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவி ஓயாமல் கத்தி, சில வேளைகளில் நாயின் முதுகை உரசிவிடும் அளவுக்குத் தாழ்ந்து பறந்தன. நாய்க்கு இதனால் தீங்கு ஏதுமில்லை. ஆனால், விரட்டுவதிலேயே பறவைகளின் பொழுது கழிந்தால் முட்டைகள் சூடின்றிக் கிடக்கும். அந்தக் கூச்சலே காகத்திற்குக் கூடு இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடவும் கூடும். கூட்டை வேறு செடிக்கு மாற்றலாமே என்று சிலர் யோசனை கூறினர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை வேட்டை என்பதன் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது; சட்டத்தை விட்டுவிட்டாலும், இடம் மாறிய கூட்டைத் தாய்ப்பறவை ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை.

தட்டி ஒவ்வொன்றும் 60 செ.மீ. அகலமும் 90 செ.மீ. உயரமும் உடையது. கையேட்டுப் படத்தில் உள்ளவாறு எண்கோணமாக நிறுத்தினால் உள்ளே கிடைக்கும் குறுக்களவு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர்தான்; நடுவிலுள்ள செடியிலிருந்து நாயின் மூக்கு முக்கால் மீட்டர் தொலைவில் இருக்கும், பறவைகளின் பதற்றமும் தணியாது. அதே எட்டுத் தட்டிகளைச் சுவரோடு சேர்த்து அரைவட்டமாக விரித்தால் அந்த இடைவெளி இருமடங்காகிறது. இந்த எளிய கணக்கு கையேட்டில் எங்குமில்லை. வேலியின் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது என்பேன். நிறுத்தும்போது, தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து ஓரிரு தட்டிகளை மட்டும் வைத்து, அது திரும்பி வந்து கூட்டில் அமர்ந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே அடுத்தவற்றை இணைத்தோம். அதன்பின் நாய் வேலிக்கு வெளியே படுத்திருந்தாலும் பறவைகள் அதைப் பொருட்படுத்தாமல் அடைகாத்தன.

பொருளின் தரத்தைப் பற்றிப் பெரிதாகப் பாராட்ட முடியவில்லை. ஐயாயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு, கீல்களில் பூச்சு உரிந்து துரு தலைகாட்டியிருக்கக் கூடாது. தரையில் அடிக்கும் முளைகள் மணற்பாங்கான மண்ணில் நிற்கவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் செங்கல்லை அண்டக்கொடுக்க வேண்டியிருந்தது. கதவின் தாழ்ப்பாள் எழுப்பும் ஓசைக்குக் குருவி கூட்டைவிட்டே பறந்துவிடும் என்பதால் அதில் துணி சுற்றி வைத்தோம்.

அடைகாப்புக்கு இரண்டு வாரம், குஞ்சுகள் கூட்டில் இருப்பது ஏறத்தாழ இரண்டு வாரம் என்று வேலியின் தேவை ஒரு மாதத்தோடு முடிந்துவிடும். அந்த மாதத்தின் கடைசி நாட்களே மிக ஆபத்தானவை. சின்னான் குஞ்சுகள் நன்றாகப் பறக்கக் கற்கும் முன்பே கூட்டைவிட்டு இறங்கித் தாழ்ந்த கிளைகளிலும் தரையிலும் தத்தித் திரியும். தட்டியின் கம்பி இடைவெளியோ அவை எளிதாக நுழைந்து வெளியேறும் அளவுக்கு அகலமானது. வலை கட்டினால் குஞ்சுகளின் கால்கள் சிக்கிக்கொள்ளும் என்பதால், வேலியின் அடிப்பகுதியில் ஓரடி உயரத்துக்குக் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டினோம். அப்போதும் நாயை வாரில் பிடித்தபடியேதான் தோட்டத்தில் விட்டோம். தரையில் நிற்கும் குஞ்சைக் கண்டு இரக்கப்பட்டு வீட்டுக்குள் எடுத்துச் செல்வோர் உண்டு. பெற்றோர் அருகிலேயே இருந்து இரையூட்டும் என்பதால், அதைப் பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டு விலகி நிற்பதே நல்லது.

பூனை, காகம், அணில், பாம்பு ஆகியவற்றை இந்த வேலி ஒருபோதும் தடுக்காது. விற்பனைப் பக்கத்தில் உள்ள ‘முழுப் பாதுகாப்பு’ என்ற சொல்லை நாயின் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தாழ்ந்த செடியில், சுவரோரமாகக் கூடு அமைந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். காகம் உயர்ந்த மரத்தில் கூடு கட்டி, கீழே நடமாடும் நாயின் தலையில் கொத்த வருகிறது என்றால் இதில் பணம் போடுவது வீண். குஞ்சுகள் பறக்கும் வரை நாயை வேறு வாசல் வழியாகவோ, காகங்கள் அடைந்த பிறகு இருட்டிலோ வெளியே அழைத்துச் சென்றாலே போதும்.