ஜாக் ரஸ்ஸலா, டாக்ஸ்ஹண்டா, மினி பின்ஷரா?

என் அக்கா மகன் வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறான். கணவன், மனைவி இருவர்தான். அண்மையில் ஒருநாள் கூப்பிட்டு, "மாமா, நாய் வளர்க்கலாம் என்று இருக்கிறோம். வீடு சின்னது, அதனால் நாயும் சின்னதாக இருக்கட்டும். ஆனால் மடியிலேயே கிடக்கக் கூடாது, துறுதுறுவென்று இருக்க வேண்டும்" என்றான். ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்று மனத்துக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் என்னிடம் கேட்கிறான் என்பது அடுத்த வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது.

சின்ன வீட்டுக்குச் சின்ன நாய் என்ற கணக்கு எனக்கு எப்போதுமே உதைக்கும். மாலையில் ஒரு நல்ல நடை போய் வந்துவிட்டால், மீதிப் பொழுதெல்லாம் மூலையில் சுருண்டு கிடக்கும் பெரிய நாய்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து கிலோ எடையில் ஒரு குடும்பத்தையே ஓட ஓட விரட்டும் நாயையும் பார்த்திருக்கிறேன். பொருத்தம் பார்ப்பதென்றால் சதுர அடியைவிட முக்கியமானது, வீட்டில் இருப்பவர்களிடம் மிச்சமிருக்கும் பொழுது. எங்கள் வீட்டில் ஒரு டாக்ஸ்ஹண்ட் பதின்மூன்று வருடம் இருந்தது. நண்பர் வெளிநாடு போனபோது அவருடைய ஜாக் ரஸ்ஸலை மூன்று வாரம் வைத்துக்கொண்டேன். எதிர்வீட்டு மினி பின்ஷரை ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் அவனுக்குப் பதில் சொன்னேன்.

ஜாக் ரஸ்ஸலின் கதை 1819இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்குகிறது. அங்கே படித்துக்கொண்டிருந்த ஜான் ரஸ்ஸல் என்ற இளைஞர் ஒரு பால்காரரிடமிருந்து பெண் நாய் ஒன்றை வாங்கினார். அதன் பெயர் டிரம்ப். (இன்றைய அரசியலுக்குப் போய்விட வேண்டாம்.) பின்னாளில் டெவன் பகுதியில் பாதிரியாரான அவர் பிரசங்கத்தைவிட நரி வேட்டைக்குத்தான் பேர் போனவர். நரி வளைக்குள் புகுந்துவிட்டால் பெரிய வேட்டை நாய்களால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது இந்தச் சின்ன நாய் உள்ளே போகும். நரியைக் கொல்லக் கூடாது. குரைத்துக் குரைத்தே வெளியே கிளப்ப வேண்டும். நரியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க வெள்ளை நிறம். வளைக்குள் நுழைய ஒடுங்கிய மார்பு: முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கைகளையும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று வேட்டைக்காரர்கள் அளந்து பார்ப்பார்கள். உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், எடை ஐந்தாறு கிலோ.

இந்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இருட்டுக் குழிக்குள் எஜமானரின் குரல் எட்டாது. நாயே முடிவெடுக்க வேண்டும். எதிரே பல்லைக் காட்டும் நரி, பின்வாங்கக் கூடாது. மேலே இருப்பவர்களுக்கு இடம் தெரிய வேண்டும், அதனால் குரைப்பை நிறுத்தக் கூடாது. மண் சரிந்தால் தோண்ட வேண்டும். இன்று வீட்டில் "சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, வீண் வம்புக்குப் போகிறது, ஓயாமல் குரைக்கிறது, பூந்தொட்டியைக் கிளறுகிறது" என்று எந்த நான்கு குற்றங்களைச் சொல்கிறோமோ, அந்த நான்கும் அன்று அதற்கு இருந்த தகுதிகள்.

எங்கள் வீட்டுக்கு வந்த நண்பரின் நாய், முதல் நாள் மாலை டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லியைப் பார்த்தது. இரவு பதினொரு மணி வரை அந்தச் சுவருக்குக் கீழேயே உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. மூன்றாம் நாள் துளசித் தொட்டி காலி. பால்கனிக் கம்பியில் அணில் ஓடினால் வீடே அதிரும். அதே நாய், மணியைத் தட்டினால் தின்பண்டம் கிடைக்கும் என்பதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. நான்காம் நாளிலிருந்து என்னைக் கூப்பிட மணியடிக்க ஆரம்பித்தது. "நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை" என்று சொல்லிவைத்தவர் ஜாக் ரஸ்ஸலைப் பார்த்ததில்லை. இதற்கு வேலை வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையில் சேர்ந்துவிடும், சம்பளத்தை நம் சோபாவிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

வேலை கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உக்ரைனின் செர்னிஹிவ் நகரத்து பேட்ரன் என்ற நாய் சாட்சி. கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்கும் அந்த ஜாக் ரஸ்ஸலுக்கு 2022 மே மாதத்தில் அந்நாட்டு அதிபர் ஸெலென்ஸ்கி பதக்கம் கொடுத்தார். நம்மிடம் கண்ணிவெடி வேண்டாம். பழைய துண்டில் நிலக்கடலையைச் சுருட்டி ஒளித்து வைக்கலாம். அகலமான தொட்டியில் மணலைக் கொட்டி, பந்தைப் புதைத்துத் தேடச் சொல்லலாம். பந்தை எறிந்து எறிந்து களைப்படையச் செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் முயன்றேன். தோள்பட்டை வலி எனக்கு, உற்சாகம் அதற்கு. மூக்குக்குக் கொடுக்கும் கால் மணி நேர வேலை, காலுக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தைவிட நன்றாகத் தூங்க வைக்கிறது. ஆனாலும் நடையைக் குறைக்க முடியாது. நாளுக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். அதுவும் நீண்ட காலத்துக்கு. பிரிட்டனில் 2022இல் வெளியான ஆய்வொன்றில், கணக்கிட்ட இனங்களிலேயே அதிக ஆயுள் எதிர்பார்ப்பு ஜாக் ரஸ்ஸலுக்குத்தான்: 12.72 ஆண்டுகள். அதே பட்டியலில் பிரெஞ்சு புல்டாக் 4.53.

இன்னொரு செய்தியும் எனக்குப் பிடிக்கும். அந்தப் பாதிரியார், பிரிட்டனில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்புக்குத் தொடக்க கால உறுப்பினர். ஆனால் ஜாக் ரஸ்ஸல் என்ற பெயரில் இந்த நாயை அந்தக் கிளப் 2016இல்தான் ஏற்றுக்கொண்டது. காட்சி மேடைக்குப் போனால் நாயின் உழைப்பு போய்விடும் என்று இதை வளர்ப்பவர்களிலேயே பலர் எதிர்த்ததும் அதற்கு ஒரு காரணம்.

டாக்ஸ்ஹண்டும் வளைக்குள் போன நாய்தான். ஜெர்மன் மொழியில் டாக்ஸ் என்றால் வளைக்கரடி (ஆங்கிலத்தில் பேட்ஜர்), ஹுண்ட் என்றால் நாய். நம் ஊரில் இதை டேஷ்ஹவுண்ட் என்று ஆக்கி, ஏதோ பாய்ந்தோடும் நாய் போல அர்த்தம் வரும்படி செய்துவிட்டோம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமான வால்டி இந்த இனம்தான். அந்த வருட மாரத்தான் பாதையைக்கூட வால்டியின் உருவத்தில் வரைந்தார்கள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இந்தக் குட்டைக் காலனை அடையாளமாக்கியவர்களின் குறும்பை ரசிக்க வேண்டும்.

ஒரே தொழிலிலிருந்து வந்தாலும் வீட்டுக்குள் இரண்டும் வேறு வேறு. ஜாக் ரஸ்ஸல் எப்போதும் பணியில் இருக்கும். டாக்ஸ்ஹண்ட் எட்டு மணி நேர வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பிய அரசு ஊழியர் போல. காலை வெயில் விழும் சதுரத்தில் படுக்கும். சதுரம் நகர்ந்தால் தானும் நகரும். மார்கழியில் போர்வைக்குள் புகுந்துகொள்ளும். தெருவில் ஒரு வாசனை கிடைத்துவிட்டால் அசைக்க முடியாது. கூப்பிட்டால் காது கேட்கும். வருவதால் தனக்கு என்ன லாபம் என்று யோசிக்கும். மழை பெய்தால் வாசற்படி தாண்டாது. ஐப்பசியில் எத்தனையோ நாள் குடையைப் பிடித்துக்கொண்டு அதன் மனம் மாறுவதற்காக நின்றிருக்கிறேன்.

கோபம் உண்டு. 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மனிதர்களிடமும் மற்ற நாய்களிடமும் சீறுவதில் சராசரிக்கு மேல் இருந்த இனங்களில் டாக்ஸ்ஹண்டும் ஒன்று. எங்கள் நாய் யாரையும் கடித்ததில்லை. ஆனால் சாப்பிடும்போது பக்கத்தில் போன தபால்காரர், உறவினர், காக்கை எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்தியது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைச் சொல்லமாட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் முதுகு. கால்களைக் குட்டையாக்கிய அதே மரபுவழிக் குறை முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளையும் சின்ன வயதிலேயே இறுகச் செய்துவிடுகிறது. ஐந்தில் ஒன்று அல்லது நான்கில் ஒன்று டாக்ஸ்ஹண்டுக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்தத் தொல்லை வருகிறது. எங்கள் நாய்க்கு ஐந்து வயதில் வந்தது. சோபாவிலிருந்து குதித்தது, வழக்கமாகக் குதிப்பதுதான். அன்று மாலை பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தது. ஆறு வாரம் கூண்டுக்குள் அடைத்து வைத்திருக்கச் சொன்னார் மருத்துவர். சிறுநீர் கழிக்க மட்டும் இரண்டு கைகளாலும், ஒன்று மார்பில் ஒன்று பின்புறத்தில் தாங்கி, தூக்கிக்கொண்டு போவோம். எழுந்து நடந்துவிட்டது, எங்கள் அதிர்ஷ்டம். அதற்குப் பிறகுதான் சோபாவுக்குச் சாய்வுப் பலகை போட்டேன், வழுக்கும் டைல்ஸ் மேல் பாய் விரித்தேன், உணவை அளந்து வைத்தேன். இவற்றையெல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டும். மூன்றாவது மாடி, அடிக்கடி நின்றுபோகும் லிஃப்ட் என்றால் இந்த இனத்தைப் பற்றி இருமுறை யோசியுங்கள்.

மினி பின்ஷரை டாபர்மேனின் குட்டி வடிவம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. வரலாறு நேர் எதிர். லூயிஸ் டாபர்மேன் தன் நாயை உருவாக்குவதற்கு முன்பே ஜெர்மனியில் இந்தச் சின்ன நாய் இருந்தது. வேட்டை வளை இதன் இடமல்ல. தொழுவமும் எலியும்தான் இதன் பூர்வீகம். முன்னங்கால்களை உயரத் தூக்கி வைத்து, பழக்கிய குதிரை போல நடக்கும். எதிர்வீட்டு நாய் அப்படி நடந்து லிஃப்ட்டுக்குள் நுழையும்போது நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம்.

சுறுசுறுப்பில் ஜாக் ரஸ்ஸலுக்கு இது ஒரு மாற்றுக் குறைவுதான். ஆனால் அந்தச் சுறுசுறுப்பை வீட்டுக்குள்ளேயே செலவழிக்கும். கூடத்துக்கும் சமையலறைக்கும் நாற்பது முறை ஓடி முடித்தால் பாதிக் கணக்கு தீர்ந்தது. காலையிலும் மாலையிலும் அரை மணி நேர நடை போதும். குட்டையான முடி, சென்னை வெயிலுக்குத் தோது, உண்ணி இருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஒரு பெரிய குறை: கதவு. அழைப்பு மணி அடித்தால் அது நமக்கு முன் வாசலில் நிற்கும். ஒரு சாண் இடைவெளி போதும், படிக்கட்டில் இறங்கிவிடும். கேட் கம்பிக்கு இடையில் புகும். எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு உள்பக்கம் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகை வைத்திருக்கிறார். இன்னொன்று, கால் எலும்பு மெல்லியது. கட்டிலிலிருந்து தவறாகக் குதித்தால் முறியும். ஓடியாடும் சின்னக் குழந்தைகள் இதைத் தூக்கிக் கீழே போடாமல் இருப்பார்களா என்பதுதான் அங்கே கேள்வி.

நம் ஊர்ப் பொமரேனியன் இந்தப் போட்டியில் இல்லையா என்று கேட்பீர்கள். நாம் பொமரேனியன் என்று வளர்த்தவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். ஓய்வு பெற்ற தம்பதிக்கு அதைவிட நல்ல நாயை நான் பார்த்ததில்லை. வெயில் தாங்கவில்லை என்று அதன் முடியை ஒட்ட வழித்துவிடாதீர்கள், அது போதும். அக்கா மகன் கேட்ட துறுதுறுப்பு வேறு.

சத்தத்தில் மூன்றும் மோசம், விதம்தான் வேறு. ஜாக் ரஸ்ஸல் காரணம் இருந்தால் குரைக்கும். காரணங்களுக்கு அதனிடம் பஞ்சமில்லை. டாக்ஸ்ஹண்டின் குரல் அதன் உடம்பைவிட மூன்று மடங்கு பெரியது. திருடன் கதவுக்கு வெளியே நின்று கேட்டால் அல்சேஷன் என்றே நினைப்பான். மினி பின்ஷருடையது கீச்சுக்குரல், அடுக்ககத்தில் சுவர் கடந்து போவது அதுதான். தனிமையைத் தாங்குவதில் வளர்ந்த டாக்ஸ்ஹண்ட் முதலிடம், பாதி நேரம் தூங்கிவிடும் என்பதால். ஜாக் ரஸ்ஸலைக் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை பூட்டிவைப்பவர்கள் நாயை வாங்காமல் ஓர் ஓவியத்தை வாங்கலாம்.

ஜாக் ரஸ்ஸலுக்கு ஏற்றவர் ஓட்டப்பயிற்சி செய்பவராக இருக்க வேண்டியதில்லை. தோற்றுப்போனாலும் சிரிக்கத் தெரிந்தவராக, தினமும் புதிதாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடிக்கும் சோம்பலில்லாதவராக இருக்க வேண்டும். முயல், கிளி, வெள்ளெலி வளர்க்கும் வீட்டில் காலடி வைக்க விடாதீர்கள். டாக்ஸ்ஹண்டுக்கு ஏற்றது தரைத்தளம், பொறுமை, நாயின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சோற்றைக் குறைக்கத் தெரிந்த கல் நெஞ்சு. மினி பின்ஷருக்கு, கதவைச் சாத்தும் பழக்கம் உள்ள வீடு.

அக்கா மகனிடம் இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு தேர்வும் வைத்தேன். முப்பது நாள், நாய் இல்லாமலேயே, காலை ஐந்தரைக்கு எழுந்து முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். மாலையிலும் அப்படியே. வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலை சின்ன நாயின் வயிற்றைச் சுடும் என்பதால் நேரத்தில் சலுகை கிடையாது. "இதென்ன மாமா, நாயே இல்லாமல் யார் நடப்பார்கள்?" என்றான். பதினொன்றாம் நாள் அவனுடைய நடை நின்றுபோனது. அவன் மனைவி மட்டும் ஒருநாள்கூட விடவில்லை. வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண். முப்பத்தோராம் நாள் அவளே என்னைக் கூப்பிட்டு, ஜாக் ரஸ்ஸல் வேண்டாம், மினி பின்ஷர் என்றாள். வாசலுக்குத் தடுப்புப் பலகை அடிக்கத் தச்சரையும் வரச் சொல்லியிருந்தாள். குட்டி அடுத்த மாதம் வருகிறது. மாநகராட்சி உரிமம் யார் பெயரில் எடுப்பது என்று அவன் கேட்டதற்கு அவள் பதிலே சொல்லவில்லையாம்.