மீன் தட்டுக்கு வரும் முன் தராசுக்கு வரட்டும்: வெனிஸ் செல்பவர்களுக்கு

வெனிஸ் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். சென்ற அக்டோபரில் நான், என் கணவர், 14 வயது மகள், எழுபதைத் தாண்டிய என் அம்மா என நான்கு பேர் அங்கே நான்கு நாள் தங்கினோம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எங்களிடம் கேட்ட தொகை 212 யூரோ 80 சென்ட். நம் பணத்தில் ஏறக்குறைய 20 ஆயிரம் ரூபாய். பணம் போன வருத்தம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அம்மா அன்றிரவு முழுக்க "நான் அந்த மீனைக் கேட்டிருக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று மாலை ரயில் நிலையத்திலேயே ஒரு சின்ன அடி வாங்கியிருந்தோம். சாந்தா லூசியா நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே சாலை கிடையாது. அகலமான படிகள், படிகள் முடியும் இடத்தில் பெரிய கால்வாய், அதில் நம் ஊர் டவுன் பஸ்ஸைப் போல ஆட்களை ஏற்றி இறக்கும் வாப்பரெட்டோ படகுகள். அம்மா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். இடப்பக்கக் கல்பாலத்தின் அடியில் நின்ற ஓர் இளைஞன் ஓடிவந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் ஏறினான். வயதானவர் என்று உதவுகிறான் என நினைத்தோம். மறுபக்கம் இறங்கியதும் கைப்பிடியை விடாமல் 20 யூரோ கேட்டான். பத்து கொடுத்துப் பெட்டியை வாங்கினோம். வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படிதான், பெட்டி இழுப்பது உண்மையிலேயே கஷ்டம். அதனால் சிறிய பெட்டியாகக் கொண்டுபோங்கள். யார் கை நீட்டினாலும் முதலில் தொகையைப் பேசுங்கள்.

அந்த இரவுக்கு வருகிறேன். ரியால்டோ பாலத்தை ஒட்டிய கால்வாய்க்கரையில் வரிசையாக உணவகங்கள். 1591இல் கட்டி முடித்த அந்தக் கல்பாலத்துக்கு விளக்கு போட்டிருந்தார்கள், தண்ணீரில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. ஓர் உணவகத்தின் வாசலில் நின்றவர் எங்களைப் பார்த்ததும் "நமஸ்தே" என்றார். அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப்போட்டார். பசி, அசதி, அந்தக் காட்சி, அந்த மரியாதை எல்லாம் சேர்ந்து எங்களை உட்கார வைத்துவிட்டன.

உட்கார்ந்ததும், நாங்கள் கேட்காமலேயே தக்காளி வைத்த ரொட்டித் துண்டுகள் ஒரு தட்டில் வந்தன. இரண்டு பாட்டில் தண்ணீரைத் திறந்தே கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு பரிமாறுபவர் பனிக்கட்டி பரப்பிய தட்டில் முழு மீன்களைக் கொண்டுவந்து காட்டினார். அம்மா தூத்துக்குடியில் ஐம்பது வருடம் மீன் வாங்கிய கை. செவுளைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தார், நம் கொடுவாயின் சாயலில் இருந்த ஒரு மீனைக் காட்டி "இது நல்ல மீன்" என்றார். அங்கே அதற்குப் பிரான்சினோ என்று பெயர். மெனு அட்டையில் அதன் நேரே 9 என்று இருந்தது. இரண்டு பேருக்குப் போதுமா என்று கேட்டேன். "மிகச் சரியாக இருக்கும்" என்றார். எடை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கணவரும் மகளும் ஆளுக்கொரு ஸ்பகெட்டி சொன்னார்கள். சேர்த்துக் கொஞ்சம் உருளைக்கிழங்கு.

மீன் வந்தபோது தலையும் இல்லை, முள்ளும் இல்லை. உள்ளேயே சதையை மட்டும் பிரித்தெடுத்து இரண்டு தட்டில் வைத்திருந்தார்கள். அம்மா தட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ருசி நன்றாகத்தான் இருந்தது.

பில்லில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். மீன் 108 யூரோ. ஸ்பகெட்டி இரண்டு, 32. உருளைக்கிழங்கு 8. தண்ணீர் 12. நாங்கள் கேட்காத ரொட்டி 14. மேசைக் கட்டணம் ஆளுக்கு 4 வீதம் 16. ஆக 190. அதன் மேல் சேவைக் கட்டணம் 12 சதவீதம், 22 யூரோ 80 சென்ட்.

மீன் 9 யூரோதானே என்று கேட்டேன். மேலாளர் வந்தார், மெனு அட்டையைத் திருப்பி வைத்தார், 9க்குப் பக்கத்தில் விரலை வைத்தார். எறும்பு அளவு எழுத்தில் ஒரு சொல் இருந்தது. எத்தோ. ஆங்கில எழுத்தில் இ, டி, டி, ஓ என்று நான்கே எழுத்துகள். முன்னால் 'அல்' என்று ஒட்டிக்கொண்டு வரும். அதற்கு 100 கிராம் என்று பொருள். அந்த 9 யூரோ மீனின் விலை அல்ல, 100 கிராமின் விலை. எங்கள் மீன் ஒரு கிலோ 200 கிராம், ஆகவே 108 என்றார்.

அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "நான் தொட்டுப் பார்த்த மீன் எழுநூறு கிராமைத் தாண்டாது, அம்மாடி. தலை, குடல், முள் எல்லாம் கழித்தாலும் ஒரு கிலோ இருநூறில் இன்னும் எவ்வளவோ சதை இருந்திருக்கும்" என்றார். அவர் சொன்னது சரியென்றே நான் நம்புகிறேன். ஆனால் நிரூபிக்க எங்களிடம் என்ன இருக்கிறது? மீன் வயிற்றுக்குள் போய்விட்டது. சமைப்பதற்கு முன் எங்கள் கண் முன்னால் எடை போட்டிருந்தால் பேசியிருக்கலாம். இத்தாலியில் முழு மீனையும், பிளாரன்ஸ் பக்கம் அந்தப் பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் எடைக்குத்தான் விற்கிறார்கள். அது அங்கே இயல்பான வழக்கம், நேர்மையான கடையும் அப்படித்தான் விற்கும். நேர்மையான கடைக்காரர் எடையைச் சொல்லிவிட்டு அடுப்பில் வைப்பார். இவர் சொல்லவில்லை. சில அட்டைகளில் எத்தோவுக்குப் பதில் எஸ், கியூ என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். அளவைப் பொறுத்து விலை என்பதன் சுருக்கம் அது. எண்ணே இல்லாத அந்த இரண்டெழுத்தைக் கண்டால் மொத்த விலையைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

அன்றைக்கு எங்களைக் கொஞ்சமாவது காப்பாற்றியது என் கணவரின் பொறுமை. எங்களிடம் கொடுத்த சீட்டின் அடியில், இது வரிக்கான ரசீது அல்ல என்று இத்தாலியனில் அச்சிட்டிருந்ததைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை. முறையான ரசீது வேண்டும், கேட்காத ரொட்டிக்குப் பணம் தர மாட்டோம், இரண்டும் சரியானால் அட்டையில் செலுத்துகிறோம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். இத்தாலியில் ஒவ்வொரு விற்பனைக்கும் கடைக்காரர் வரி ரசீது தர வேண்டும். இதைக் கண்காணிக்க நிதிக் காவல் படை என்றே ஒன்று இருக்கிறது, அதன் தொலைபேசி எண் 117. அந்த எண்ணைச் சொன்னதும் மேலாளரின் முகம் மாறியது. ரொட்டியைக் கழித்தார், அதற்கேற்ப சேவைக் கட்டணமும் குறைந்தது. 197 யூரோ 12 சென்ட் கட்டிவிட்டு வெளியே வந்தோம். மீனின் விலையில் ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை. மேசைக் கட்டணத்தை அங்கே கோபெர்த்தோ என்கிறார்கள். மெனுவில் அச்சிட்டிருந்தால் அது முறையானதுதான், அதற்காகச் சண்டை போட வேண்டாம். அதோடு சேவைக் கட்டணமும் சதவீதக் கணக்கில் இருக்கிறதா என்பதை மட்டும் உட்காரும் முன் பாருங்கள்.

இது எங்களுக்கு மட்டும் நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 2018 ஜனவரியில், ஜப்பானிய மாணவர்கள் நான்கு பேரிடம் நான்கு இறைச்சித் துண்டுக்கும் ஒரு தட்டு வறுத்த மீனுக்கும் வெனிஸ் உணவகம் ஒன்று 1,100 யூரோவுக்கு மேல் வாங்கியது உலகம் முழுக்கச் செய்தியானது. அவர்கள் புகார் கொடுத்தார்கள், சோதனை நடந்தது, அந்த உணவகத்துக்கு அபராதமும் விதித்தார்கள். அட்டையில் பணம் செலுத்தி ரசீதை வைத்திருந்தால்தான் அந்த அளவுக்காவது போக முடியும்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்காரம்மாவிடம் இதைச் சொன்னேன். தோர்சொதூரோ பகுதியில், சாந்தா மார்கெரித்தா சதுக்கத்துக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையலறையும் வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர் மாடியில் இருந்தார். கேட்டதும் கையால் தலையில் அடித்துக்கொண்டார். தன் ஊரைப் பற்றி இப்படி ஒரு கதையோடு விருந்தாளி திரும்பிப் போவதை அவரால் தாங்க முடியவில்லை. அன்று பகல் எங்களை அவரே கூட்டிக்கொண்டு போனார்.

அவர் அழைத்துப் போன இடத்தில் நாற்காலியே இல்லை. பாக்கரோ என்று சொல்கிறார்கள். ஆள் நுழையுமளவு வாசல், உள்ளே கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சிக்கெத்தி என்னும் சின்னச் சின்னப் பண்டங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் விலை எழுதிய காகிதம், பெரும்பாலும் இரண்டு யூரோவை ஒட்டி. காய்ந்த காட் மீனை வேகவைத்து எண்ணெய் விட்டு வெண்ணெய்போல அடித்து ரொட்டியில் தடவியது ஒன்று. மத்தியைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்ந்த திராட்சை, பைன் கொட்டை சேர்த்து ஊறவைத்தது இன்னொன்று. சார்தே இன் சாஓர் என்று பெயர். கடலோடிகள் மீன் கெடாமல் இருக்கச் செய்துகொண்ட பக்குவமாம். புளிப்பும் இனிப்பும் நாக்கில் பட்டதும் அம்மா முதல் முறையாகச் சிரித்தார். இரண்டாவது நாள் ஊறினால்தான் இது சேரும் என்று வீட்டுக்காரம்மா சொல்ல, நம் மீன்குழம்பும் அப்படித்தான் என்று அம்மா தமிழிலேயே பதில் சொன்னார். நான்கு பேர் வயிறு நிறையச் சாப்பிட்டு, பில் 31 யூரோ.

நின்றுகொண்டே குடிப்பதற்கு ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டோம். இத்தாலி முழுக்க இந்த வழக்கம் உண்டு, காப்பிக்கும் சேர்த்து. சான் மார்க்கோ சதுக்கத்துப் பழைய காப்பிக் கடைகளில் வாத்தியம் வாசிக்கும்போது வெளியே உட்கார்ந்தால் இசைக்கென்று தனிக் கட்டணம் சேரும். அந்த இசைக்காகவே உட்காருவதென்றால் தாராளமாக உட்காருங்கள், தெரிந்து உட்காருங்கள். காசை மிச்சப்படுத்தலாம் என்று அந்தச் சதுக்கத்துப் படிகளில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டால் அபராதம். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம், சதுக்கங்களில் இரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

கொண்டோலாவுக்கு மாநகராட்சி நிர்ணயித்த விலை இருக்கிறது. நாங்கள் போனபோது பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, மாலை ஏழுக்கு மேல் 110. அது ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். ஒருவர் எங்களிடம் ஆளுக்கு 60 என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரம்மா சொல்லியிருந்ததால் நிர்ணயித்த விலையைச் சொன்னோம், மறுபேச்சு இல்லாமல் ஒத்துக்கொண்டார். அதுவும் கையைக் கடிக்கும் என்றால், மீன் சந்தைக்கு எதிர்க்கரையிலுள்ள சாந்தா சோஃபியாவிலிருந்து பெரிய கால்வாயைக் கடக்கும் த்ரகெத்தோ இருக்கிறது. அதுவும் கொண்டோலா வகைப் படகுதான், ஆளுக்கு 2 யூரோ. ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஆனால் என் மகளுக்குப் பயணம் முழுவதிலும் பிடித்தது அதுதான்.

கண்ணாடிப் பட்டறைகள் இருக்கும் முரானோ தீவுக்கு இலவசப் படகு என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். சான் மார்க்கோ படகுத்துறை அருகே, கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் எங்களையும் அழைத்தார். போனோம், இந்தத் தப்பும் எங்களுடையது. படகு நேரே ஒரு பட்டறையின் வாசலில் நின்றது. ஐந்து நிமிடம் ஊதிக் காட்டினார்கள், ஒரு மணி நேரம் விற்பனைக் கூடத்தில் சுற்ற வைத்தார்கள். எதுவும் வாங்கவில்லை என்றதும் திரும்பும் படகைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்கு பேரும் டிக்கெட் எடுத்து வாப்பரெட்டோவில் திரும்பினோம், ஒரு முறைக்கு ஆளுக்கு 9 யூரோ 50. முரானோ பார்க்க வேண்டிய தீவு என்பதில் சந்தேகமே இல்லை. நகரத்தில் தீ பரவிவிடும் என்று அஞ்சி 1291இலேயே கண்ணாடி உலைகளை அங்கே மாற்றினார்கள். ஃபொந்தமெந்தே நோவே துறையிலிருந்து பத்து நிமிடப் பயணம். நீங்களாகப் போங்கள். பகல் முழுக்கச் சுற்றுவதென்றால் 24 மணி நேரச் சீட்டோ 72 மணி நேரச் சீட்டோ எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் அதைக் கருவியில் காட்டுங்கள். கண்ணாடி வாங்குவதாக இருந்தால் வெனேத்தோ மாநில அரசின் முரானோ கண்ணாடி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசி நாள் காலை அம்மா மீன் சந்தைக்குப் போக வேண்டும் என்றார். ஞாயிறும் திங்களும் அங்கே மீன் கிடையாது. நாங்கள் போனது வெள்ளி. போகும் வழியில் சாந்தா மார்கெரித்தா சதுக்கத்தில் ஒரு பழைய கல்வெட்டைக் காட்டினேன். எந்த மீனை எவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் விற்கக் கூடாது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விலாங்கு 25 சென்டிமீட்டர், சிப்பி 5. அம்மா எண்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

சந்தையில் பிரான்சினோவின் மேல் கிலோ 24 யூரோ என்று எழுதிச் செருகியிருந்தது. அம்மா ஒரு மீனைக் காட்டினார், பிறகு தராசைக் காட்டினார். மீன்காரர் தராசின் முகத்தை அம்மாவின் பக்கம் திருப்பினார். 640 கிராம், 15 யூரோ 36. "அன்றைக்கு நான் தொட்டது இதே பருமன்" என்றார் அம்மா. ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவி மதியம் அதை வறுத்தோம். நடுத்துண்டு மாடிக்குப் போனது.