மூன்று வருடமாக ஓடும் மெயின்டனன்ஸ் சாப்ட்வேர்: எம்டிடிஆர் கணக்கில் தீராத கோளாறு

"அண்ணே, அந்த சாப்ட்வேர் எப்படி, வாங்கலாமா?" என்று கோலாலம்பூர் நண்பர் கேட்டார். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் உள்ள எங்கள் ஆலையில் அது மூன்று வருடமாக ஓடுகிறது. வசதிகளின் பட்டியலை விற்பவரே தருவார். எம்டிடிஆர், அதாவது ஒரு பழுதைச் சரிசெய்ய ஆகும் சராசரி நேரம், அந்தக் கணக்கைப் பற்றித்தான் வாய் திறக்க மாட்டார்.

ஒரு கன்வேயர் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9.10-க்கு 6205 ரக பேரிங் இறுகி லைன் நிற்கிறது. 9.40-க்கு டெக்னீஷியன் வருகிறார், 10 மணிக்குள் கோளாறு தெரிந்துவிடுகிறது. ஸ்டோரில் பேரிங் இல்லை. தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பிறை ஊரிலிருந்து பாலம் கடந்து வர மதியம் 2 மணி. மாட்ட 50 நிமிடம், ஓட்டிப் பார்க்க 15. 3.05-க்கு லைன் ஓடுகிறது. இந்த வேலைக்கான பதிவை, அதாவது ஒர்க் ஆர்டரை, மூடுவதோ ஷிப்ட் முடியும் 7 மணிக்கு. மூடும் வரை எண்ணி சாப்ட்வேர் எழுதும் பழுதுநேரம் 9 மணி 50 நிமிடம். லைன் நின்றது 5 மணி 55 நிமிடம். கைவேலை 1 மணி 25 நிமிடம்தான்.

எம்டிபிஎஃப், அதாவது ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையே ஓடும் சராசரி நேரம், 100 மணி நேரம் என்றால், 100-ஐ, அதோடு பழுதுநேரத்தைக் கூட்டிய 109.83-ஆல் வகுத்து, இயந்திரம் 91 சதவீதம் கிடைத்தது என்கிறது. நின்ற நேரத்தை வைத்துப் போட்டால் 94.4. குறைந்த 3 சதவீதத்துக்கு மாதக் கூட்டத்தில் பதில் சொல்பவர் டெக்னீஷியன். ஸ்டோரில் இரண்டு பேரிங் வைக்காமல் விட்டது அறிக்கையில் எங்கேயும் வராது. இது அநியாயம்.

தீர்வு இருக்கிறது. 'ஆள் வந்தார்', 'பாகத்துக்குக் காத்திருப்பு', 'லைன் ஓடியது' என்று மூன்று நிலைகள் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் நேர முத்திரை பதிய வேண்டும். லைன் ஓடிய நேரத்தை இயந்திரத்தை இயக்கும் கணினியான பிஎல்சியின் சிக்னலிலிருந்தே எடுத்தால் இன்னும் நல்லது, கையால் தட்டும் நேரத்தை நம்ப முடியாது. இதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.

பிஎம், அதாவது பழுது வருமுன் செய்யும் பராமரிப்பின் கணக்கும் இப்படித்தான். 30 நாளுக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கும் வேலையை ஜனவரி 1-லும் பிப்ரவரி 28-லும் செய்தால், இடைவெளி 58 நாள். மாதத்துக்கு ஒன்று ஆகிவிட்டதாம், 100 சதவீதம் போடுகிறது. இடைவெளியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 நாள் முன்பின் மட்டுமே அனுமதிக்கும் விதியை செட்டிங்கில் நாமே தேடி மாற்ற வேண்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இயந்திரத்தில் ஒட்டிய கியூஆர் ஸ்டிக்கரைக் கைப்பேசியில் காட்டினால் அதன் முழுப் பழுது வரலாறும் வருகிறது, எந்த பேரிங் எப்போது மாறியது என்பது வரை. ஒரே மோட்டாரில் பேரிங் அடிக்கடி போனால், பேரிங்கை விட்டு அலைன்மெண்டை, அதாவது தண்டுகள் நேர்கோட்டில் இருக்கிறதா என்பதைப் பார் என்று அந்தத் திரையே சொல்லிவிடும். இரவு ஷிப்டில் அது விலைமதிப்பற்றது.

இருந்தும் வாங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டுமானால், டெமோவிலேயே ஒரு ஒர்க் ஆர்டர் திறந்து, பாகத்துக்குக் காத்திருப்பு என்று போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மூடச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் எம்டிடிஆரில் ஏறினால் எழுந்து வந்துவிடுங்கள்.