சைலன்சர் மாற்றியாச்சு, கார்பில் எதைத் தொடுவது: ஸ்க்ரூவா, நீடிலா, மெயின் ஜெட்டா?

2020-க்கு முந்தைய, கார்ப் (கார்புரேட்டர்) வைத்த ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350-இல் வேறு சைலன்சர் மாட்டியதும், ஆக்சிலரேட்டரை விடும்போது பட்பட்டென்று வெடிக்க ஆரம்பிக்கும். "மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளையுள்ள சின்னத் துண்டு) பெரிசு பண்ணு" என்பார்கள் உடனே. அது கடைசியில் தொட வேண்டியது. முதலில் பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் கசிவு இருக்கிறதா பாருங்கள். அங்கே வெளிக்காற்று புகுந்தாலும் இதே வெடிச்சத்தம்தான். கார்பை எவ்வளவு திருகினாலும் போகாது.

மிக்ஸர் ஸ்க்ரூவுக்கு (பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் திருகு) செலவே இல்லை. ஆனால் ஐடில் (ஆக்சிலரேட்டரைத் தொடாத நிலை) முதல் கால் த்ராட்டில் (ஆக்சிலரேட்டரைக் கால்வாசி முறுக்கியது) வரைதான் அதன் ஆட்சி. இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முழுக்கத் திருகி (இறுக்கினால் நுனி கெடும்) ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் கால் சுற்றாக நகர்த்தி, ஐடில் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐடில் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறையுங்கள். மூன்று சுற்று தாண்டியும் போதவில்லையா? ஐடிலில் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்ற வேண்டும். கிளாசிக்கில் இருப்பது சிவி கார்ப், இன்ஜின் இழுப்பில் ஸ்லைடு உயரும் வகை; இதில் ஸ்க்ரூ இன்ஜின் பக்கம், வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். பழைய புல்லட்டின் விஎம் கார்பில் (ஆக்சிலரேட்டர் கேபிளே ஸ்லைடைத் தூக்கும் வகை) அது ஃபில்டர் பக்கம், வெளியே திருகினால் காற்று கூடும். இந்த ஒன்றைத் தலைகீழாகச் செய்துதான் பலர் வண்டியைக் கெடுக்கிறார்கள்.

ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி கால் த்ராட்டிலுக்கும் முக்காலுக்கும் இடையில்தான். அங்கே பேசுவது நீடில், அதாவது ஸ்லைடோடு ஏறி இறங்கி பெட்ரோலை அளக்கும் ஊசி. லேசாக சோக் இழுத்தால் இழுவை கூடுகிறதென்றால் பெட்ரோல் பற்றவில்லை. விஎம்மில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். சிவியில் அந்த வசதி இல்லாததால் நீடில் தலைக்கடியில் அரை மி.மீ. கனத்தில் ஒரு வாஷர். மேல் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, டயஃப்ரத்தோடு (ரப்பர் சவ்வு) ஸ்லைடைத் தூக்கினால் நீடில் கைக்கு வரும். திரும்ப மாட்டும்போது டயஃப்ரத்தின் விளிம்பு காடிக்குள் சரியாக உட்கார வேண்டும். மடிந்தாலோ கிழிந்தாலோ ஸ்லைடு மேலேறாது, வண்டி பாதி வேகத்திலேயே திணறும். இரண்டாவது வாஷர் போட்டுக் கரும்புகை வந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

மெயின் ஜெட் கடைசிக் கால் த்ராட்டிலுக்கு மட்டும். ஃபில்டர் பாக்ஸ் கம்பெனி கொடுத்ததே என்றால் பெரும்பாலும் தேவைப்படாது. ஃபில்டரையும் திறந்துவிட்டால் கட்டாயம். முழு த்ராட்டிலிலிருந்து துளி குறைத்ததும் வண்டி எகிறினால் ஒரு சைஸ் ஏற்றுங்கள். மிக்குனி, கெய்ஹின் கம்பெனிகளின் ஜெட் எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கம்பி விட்டு ஓட்டையைப் பெரிதாக்குவது ஜெட்டைக் கொல்லும் வேலை.

பிளக் வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்தால் அதிகம். ஆனால் இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலில் நிறம் சற்று வெளிறித்தான் தெரியும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் கொஞ்சம் மெலியும்; பழைய செட்டிங்கை அப்படியே நம்ப வேண்டாம்.

கார்பையே விஎம்முக்கு மாற்றலாமே என்பார்கள். கிளிப் மாற்றுவது சுலபம், பிக்கப்பும் சட்டென்று வரும். ஆனால் த்ராட்டிலைத் திடீரென்று முறுக்கினால் சிவி ஸ்லைடு இன்ஜின் இழுப்புக்கேற்ப நிதானமாக உயரும், விஎம் தடுமாறும். சைலன்சர் மட்டும் மாற்றிய வண்டிக்கு அந்தச் செலவு வீண்.