ஆமை சாப்பிடவில்லையா? ஊசிக்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

டெல்லியில் ஆமை வளர்க்கும் தமிழர்கள் எத்தனை பேர் இருப்பீர்களோ தெரியாது. மயூர் விஹாரில் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை போட்ட ரெட் இயர்டு ஸ்லைடர், பெயர் சுப்பு. ஜனவரியில் அது சாப்பிடாமல் போனபோது நான் ஏமாந்த தொகை 9,700 ரூபாய்.

தொட்டிப் பக்கம் போனாலே கழுத்தை நீட்டிக்கொண்டு நீந்தி வரும் பிராணி, பொங்கலுக்கு முந்தின வாரம் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதந்தது. மூக்கில் சின்னதாகக் குமிழி.

தொட்டி வாங்கிய கடைக்கே ஓடினேன். "வைட்டமின் கம் ஹை" (வைட்டமின் குறைவு) என்று சொல்லி, வெயிலில் இருப்பதுபோன்ற புற ஊதாக் கதிரைத் தரும் யுவிபி விளக்கு என்று ஒன்றை 2,800 ரூபாய்க்குத் தலையில் கட்டினார் கடைக்காரர். கையோடு, தனக்குத் தெரிந்த ஒரு கிளினிக்குக்கும் அனுப்பிவைத்தார். அங்கே 400 ரூபாய் ஃபீஸ், அப்புறம் 'அஞ்சு நாள் பேக்கேஜ்' 6,500. சுப்புவை எடை போடவில்லை, எப்படி வளர்க்கிறேன் என்று கேட்கவில்லை. தினமும் பின்னங்காலில் ஒரு ஊசி. போதாததற்குப் பூச்சி மருந்து என்று ஒரு சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள், வாயில் இரண்டு சொட்டு விடச் சொல்லி.

மூன்று ராத்திரி அந்த பாட்டிலும் கையுமாகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். சுப்பு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே விடுவேனா என்றது. தஞ்சாவூரிலிருந்து அம்மா போனில், "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். அமீனா வந்திருந்தால் ஜப்திக்குக் கணக்காவது எழுதிக் கொடுத்திருப்பார்.

பேக்கேஜ் முடிந்தும் தேறவில்லை. அலுவலகத் தோழி ஒருவர், ஊர்வன, பறவைகளை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரின் எண்ணைக் கொடுத்தார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி: "தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி?" காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 'லோ' என்று மட்டும் காட்டியது. மீன் தொட்டிக்கான தெர்மாமீட்டர் 120 ரூபாய்க்கு வாங்கி வந்து போட்டேன். 14 டிகிரி!

ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிரில் செரிமானமே மந்தமாகிவிடும், பசி எடுக்காது, நோயை எதிர்க்கத் தெம்பு இருக்காது, போடும் மருந்தும் சரியாக வேலை செய்யாது. வீட்டுக்குள்தானே இருக்கிறது என்று நான் அசட்டையாக இருந்தது என் தப்பு. ஆனால் காசு வாங்கியவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டாமா? எக்ஸ்ரேயில் நுரையீரலில் சளி தெரிந்தது. சாய்ந்து மிதந்ததற்கு அதுதான் காரணமாம். தெர்மோஸ்டாட் ஹீட்டர் போட்டு, ஒரேயடியாக இல்லாமல் நாளுக்கு ஓரிரு டிகிரியாக 27 வரை ஏற்றச் சொன்னார். 72 மணி நேரத்துக்கு ஒரு ஊசி, அதுவும் முன்னங்காலில்.

பழைய சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "இந்தச் சொட்டைக் கொடுத்தீங்களா?"

"வாயையே திறக்கலை, டாக்டர்."

"நல்ல வேளை."

அது ஐவர்மெக்டின். மாட்டுக்கும் நாய்க்கும் சாதாரணமாகக் கொடுப்பது. ஆமைக்கு விஷம். கைகால் துவண்டு, மூச்சும் நின்றுபோகலாம். ஆமையை ஒரு டாக்டரிடம் கொண்டுபோனால் சீட்டில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மருந்தைத் தொடாதீர்கள், அந்த இடத்துக்கும் மறுபடி போகாதீர்கள்.

விளக்கையும் காட்டினேன். பிளாஸ்டிக் மூடி போட்ட ஊதா நிற எல்இடி பல்பு. உள்ளே யுவிபி இருந்தாலும் சாதாரண பிளாஸ்டிக்கைத் தாண்டி வராதாம். கையை அருகில் வைத்தால் சூடும் கிடையாது. அட்டைப் பெட்டியில் தயாரித்தவர் பெயர்கூட இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பதினேழாம் நாள் சுப்பு ஒரு இறாலைக் கவ்வியது. முழுங்கவில்லை, துப்பிவிட்டது. மறுநாள் முழுங்கியது.

விளக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர், "அதை விடுங்க, ஸ்டார் டார்ட்டாய்ஸ் தரேன், நோயே வராது" என்றார். நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வீட்டில் வைத்திருந்து பிடிபட்டால் ஜெயில். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பணம் கேட்டதற்கு, "பக்கா பில் இருக்கா?" என்றார். அவர் தந்தது வெறும் துண்டுச் சீட்டு. யுபிஐயிலும் கடைப் பெயரில் இல்லாமல் வேறு யாரோ பெயரில்தான் பணம் போயிருக்கிறது. அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் பல்பின் படத்தையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.